பில் கவுண்டரில் சொன்ன பத்து இலக்கம்

போனை எடுத்து மெசேஜ் பெட்டியைத் திறங்க. மேலிருந்து இருபது மெசேஜை எண்ணுங்க. அதுல உங்களுக்குத் தெரிஞ்ச மனுசங்க அனுப்பினது எத்தனை? என் போன்ல பூஜ்யம். ஓடிபி நாலு, ரீசார்ஜ் நினைவூட்டல் மூணு, மீதி எல்லாம் கடைங்க. சட்டைக்கடை, செருப்புக்கடை, ஒரே ஒரு தடவை ஹெட்போன் வாங்கின கடை, எந்த ஜென்மத்துல போனேன்னு ஞாபகமே இல்லாத ஒரு பேக்கரி.

நமக்கு இதுல பெரிய கஷ்டம் இல்ல. ஸ்வைப் பண்ணித் தள்ளிட்டுப் போயிடுவோம். எனக்கு இதை எழுதணும்னு தோணினது அப்பாவோட போனைப் பார்த்த பிறகுதான்.

முதலாமாண்டு தீபாவளிக்கு மதுரையில ஒரு ஜவுளிக்கடையில சட்டை எடுத்தேன். பில் போடுற அக்கா "நம்பர் சொல்லுங்க, பாயின்ட் ஏறும்"னாங்க. என் நம்பர் வேண்டாமேன்னு அப்பா நம்பரைச் சொன்னேன். (பொய் சொல்லாதீங்க, நீங்களும் செஞ்சிருப்பீங்க.) அப்பா கோவில்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். தமிழ் நல்லா வாசிப்பார், ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான். அந்த வருசம் முழுக்க அந்தக் கடையில இருந்து ஆங்கிலத்துல மெசேஜ் வந்திருக்கு. ஊருக்குப் போறப்பல்லாம் போனை நீட்டி "தம்பி, இது என்னப்பா சொல்லுது?"ம்பார். நான் "ஒண்ணுமில்லப்பா, கடை விளம்பரம், லிங்கைத் தொட்டா சேலை காட்டும்"னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு மெசேஜ் வந்தது. பாயின்ட் இன்னிக்கோட முடியுது, பரிசு இருக்கு, லிங்கைத் தொடுங்கன்னு. அப்பா தொட்டார். பரிசை அனுப்பக் கூரியர் செலவு கேட்டது. கட்டினார். 1,850 ரூபாய் போச்சு. அந்த மெசேஜ் கடை அனுப்பினது இல்ல, எவனோ ஒரு திருடன் அனுப்பினது. ஆனா லிங்கைத் தொடப் பழக்கினது யாரு? ஒரு வருசமா வந்த கடை மெசேஜும், "ஒண்ணுமில்லப்பா"ன்னு சொன்ன நானும்தான்.

கடை எங்க தாத்தா காலத்து ஜவுளிக்கடை, கல்லாவுல இருக்கிறவர் பேசுறது சுத்த மதுரைத் தமிழ், வாடிக்கையாளர் கோவில்பட்டி விவசாயி. அப்புறம் மெசேஜ் மட்டும் ஏன் ஆங்கிலத்துல? இந்தக் கேள்வியோட ஒரு பாதி விடை நம்ம கம்யூனிகேஷன் பாடத்துல இருக்கு. அதைப் பார்ப்போம்.

எஸ்எம்எஸ்ங்கிறது முதல்ல தனியா கட்டின சாலை இல்ல. போன் கால்களை இணைக்க நெட்வொர்க் தனக்குள்ள சிக்னல் பேசிக்குமே, அந்தப் பாதையில சும்மா கிடந்த இடத்துல ஏத்தி விட்ட சரக்கு. அந்த இடம் சின்னது. ஒரு மெசேஜுக்கு 140 பைட். அவ்வளவுதான். 1980களின் நடுவுல ஜிஎஸ்எம் தரநிலைக் குழுவுல இருந்த ஜெர்மன் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சுப் பொறியில விதவிதமா வாக்கியங்களை அடிச்சு எண்ணிப் பார்த்து, 160 எழுத்து இருந்தா மனுசனுக்குப் போதும்னு முடிவுக்கு வந்தார். போஸ்ட் கார்டுகள்ல பெரும்பாலும் 150 எழுத்துக்குள்ளதான் எழுதுறாங்கன்னும் அவங்க பார்த்தாங்க. 1992 டிசம்பர் 3 அன்னிக்கு இங்கிலாந்துல முதல் எஸ்எம்எஸ் போச்சு. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

இப்ப கணக்கு. 140 பைட் என்றால் 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு ஜிஎஸ்எம் 7 பிட் அட்டவணை. 1120-ஐ 7 ஆல் வகுத்தா 160. தமிழ் அந்த அட்டவணையில இல்ல. அதனால யூனிகோட், ஒரு குறிக்கு 16 பிட். 1120-ஐ 16 ஆல் வகுத்தா 70. அதே காசு, அதே மெசேஜ், பாதிக்கும் குறைவான இடம்.

இதோட நின்னிருந்தா கூடப் பரவாயில்ல. யூனிகோடுல நம்ம எழுத்தை எண்ணுற விதம் நம்ம வாத்தியார் சொல்லிக் கொடுத்த விதம் இல்ல. "தள்ளுபடி"ங்கிற வார்த்தையை எடுங்க. த, ள், ளு, ப, டி. அஞ்சு எழுத்து. யூனிகோடுக்கு அது எட்டு: த, ள, புள்ளி, ள, உகரக் குறி, ப, ட, இகரக் குறி. "வாடிக்கையாளர்" நமக்கு ஏழு எழுத்து, அதுக்குப் பதிமூணு. அதாவது எழுபது இடம்னு சொன்னேனே, அதுல நிஜமா உட்காரப் போறது நாற்பது எழுத்துப் பக்கம்தான்.

நம்பலைன்னா இந்த மெசேஜை எண்ணிப் பாருங்க:

தீபாவளி தள்ளுபடி! அனைத்து சேலைகளுக்கும் 20% குறைவு. இந்த ஞாயிறு வரை மட்டும்.

இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 76. எழுபதைத் தாண்டிடுச்சு, ஆக இது ரெண்டு மெசேஜ். கடைசி "மட்டும்" என்பதை வெட்டினா 68, ஒரு மெசேஜுக்குள்ள அடங்கும். ஆனா கடை பேரு எங்க? ஊரு எங்க? லிங்க் எங்க? எதுக்கும் இடமில்ல. இன்னொண்ணு, மெசேஜ் ரெண்டா உடையும்போது, "நான் முதல் துண்டு, அவன் ரெண்டாவது துண்டு"ன்னு போனுக்குச் சொல்ல ஒவ்வொரு துண்டுலயும் 6 பைட் போயிடும். மிச்சம் 134 பைட். ஆங்கிலத்துக்கு 153, தமிழுக்கு 67.

கடைக்காரர் இடத்துல நின்னு பாருங்க. ஒரு துண்டுக்கு 20 பைசான்னு வச்சுக்குவோம் (விலை ஆளுக்கு ஆள் மாறும், இது கணக்குக்காக). ஐம்பதாயிரம் பேருக்கு ஆங்கிலத்துல ஒரே துண்டா அனுப்பினா 10,000 ரூபாய். அதே விஷயத்தை கடை பேரு, லிங்க், நிறுத்துற வழியோட தமிழ்ல எழுதினா சுலபமா மூணு துண்டு ஆகும். 30,000 ரூபாய். தமிழ்ப் பற்று உள்ள முதலாளியும் அங்க ஒரு நிமிசம் யோசிப்பார்.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம ரூபாய்க் குறி ₹ இருக்கே, அதுவும் அந்த 7 பிட் அட்டவணையில இல்ல. டாலர் இருக்கு, பவுண்ட் இருக்கு, யென் இருக்கு, கிரேக்கத்தோட பெரிய சிக்மாவும் ஒமேகாவும் கூட இருக்கு. முழு ஆங்கில மெசேஜ்ல ஒரே ஒரு ₹ போட்டா போதும், மொத்த மெசேஜும் யூனிகோடுக்கு மாறி 160 இடம் 70 ஆயிடும். வளைஞ்ச மேற்கோள் குறி, ஸ்மைலி, எல்லாத்துக்கும் இதே கதிதான். கடைங்க இன்னும் ஆர், எஸ், ஒரு புள்ளின்னு பழைய பாணியில விலை போடுறதுக்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்ல.

இதுக்குத் தொழில்நுட்பத் தீர்வே இல்லையான்னு கேட்டா, காகிதத்துல இருக்கு. 3ஜிபிபி தரநிலையில தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குத் தனித்தனி 7 பிட் அட்டவணைகள் சேர்த்தாச்சு. மெசேஜ் தொடக்கத்துல "இது தமிழ் அட்டவணை"ன்னு சில பைட்ல சொல்லிட்டா, எழுபதுக்குப் பதிலா நூத்தம்பதை ஒட்டி இடம் கிடைக்கும். ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் கோடுல "ஜிஎஸ்எம் ஆல்ஃபபெட்"ங்கிற கோப்பைத் தேடுங்க, அந்தத் தமிழ் அட்டவணை அங்க உட்கார்ந்திருக்கு. ஆனா அனுப்புறவர், நடுவுல இருக்கிற நெட்வொர்க், வாங்குற போன் மூணும் ஒத்துக்கணும். ஒண்ணு முரண்டு பிடிச்சாலும் மெசேஜ் புரியாத குறிகளா கொட்டும். அதனால யூனிகோட் வழிதான் பாதுகாப்புன்னு போறாங்க. மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற ஈசிஇ மக்களே, கவனிங்க.

மீதிப் பாதி விடை, எல்லா ஊருக்கும் ஒரே மெசேஜ் எழுதுற சோம்பல். அதுக்குப் பாடப் புத்தகம் தேவையில்ல.

சரி, மெசேஜ் எப்படி வருது? கடை நேரா அனுப்ப முடியாது. 2018-ல டிராய் கொண்டு வந்த விதிகளின்படி, வணிக மெசேஜ் அனுப்புற ஒவ்வொரு நிறுவனமும் டிஎல்டி எனப்படும் பகிரப்பட்ட பேரேட்டுல பதியணும். பிளாக்செயின்னு செமினார்ல கேட்டிருப்பீங்களே, அந்தக் குடும்பம்தான். நிறுவனம் மட்டும் பதிஞ்சா போதாது. மெசேஜ் மேல தெரியுற ஹெடரும் பதியணும், மெசேஜோட வாசகமும் டெம்ப்ளேட்டா பதியணும். பேரு, தொகை மாதிரி மாறுற இடங்களை மட்டும் வேரியபிளா விடலாம். அனுப்பும்போது ஆப்பரேட்டர் பக்கம் ஒரு புரோகிராம் வாசகத்தையும் டெம்ப்ளேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தலைன்னா கீழே போட்டுடும். 2021 மார்ச் 8 அன்னிக்கு இந்த ஒப்பீட்டைக் கண்டிப்பா ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு நாடு முழுக்க ஓடிபி வராம ஜனங்க திண்டாடினாங்க, ஏன்னா பல நிறுவனங்களோட டெம்ப்ளேட் ஒழுங்கா பதியப்படல. மறுநாளே டிராய் ஏழு நாளைக்கு அதை நிறுத்தி வச்சது. ஸ்ட்ரிங் மேட்சிங் தானேன்னு லேப்ல அலட்சியமா விடுறோமே, அதுதான் அன்னிக்கு ஒரு நாட்டையே நிறுத்திச்சு.

ஹெடரைப் படிக்கக் கத்துக்கோங்க. முதல் ரெண்டு எழுத்துல ஒண்ணு ஆப்பரேட்டரைக் குறிக்கும், இன்னொண்ணு சேவைப் பகுதியை. நடுவுல இருக்கிறது நிறுவனத்தோட ஹெடர். கடைசியில ஒரு கோடு போட்டு ஒத்தை ஆங்கில எழுத்து: "பி" என்றால் விளம்பரம், "எஸ்" சேவை, "டி" பரிவர்த்தனை, "ஜி" அரசு. 2025 பிப்ரவரியில வந்த விதித் திருத்தம் அந்த எழுத்தைக் கட்டாயமாக்கிச்சு. எந்த ஹெடர் யாருடையதுன்னு பார்க்க டிராய் தனியா ஒரு தேடல் பக்கமே வச்சிருக்கு. சாதாரணப் பத்து இலக்க நம்பர்ல இருந்து "கடை பரிசு"ன்னு மெசேஜ் வந்தா, அது இந்த வழியிலேயே வரலன்னு அர்த்தம். அப்பாவுக்கு வந்தது அப்படித்தான் வந்தது. அவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லல. நான் சொல்லல.

லிங்குக்கு வருவோம். கடை மெசேஜ்ல குட்டியா ஒரு லிங்க் இருக்குமே, அது எல்லாருக்கும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. பல நேரம் ஆளுக்கு ஒண்ணு. கடைசியில நாலஞ்சு எழுத்து மட்டும் மாறும். நீங்க தொட்ட நொடியில, இந்த நம்பர்காரர் இத்தனை மணிக்கு, இந்த மாதிரி போன்ல இருந்து, இந்தச் சேலைப் பக்கத்தைப் பார்த்தார்னு பதிவாகிடும். பில் போடுற கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே மூணு விஷயம் இருக்கு: கடைசியா எப்ப வந்தீங்க, எத்தனை தடவை வந்தீங்க, எவ்வளவு செலவு பண்ணீங்க. இந்த மூணையும் வச்சு வாடிக்கையாளரைக் கூறு போடுறது சில்லறை வணிகத்துல பழைய வித்தை. அடிக்கடி வர்றவருக்குப் புதுச் சரக்கு மெசேஜ், வராம போனவருக்கு "உங்களை மிஸ் பண்றோம், 300 ரூபாய் கூப்பன்". ஆறு மாசம் எட்டிப் பார்க்காதவனுக்குத் தான் நல்ல கூப்பன் வரும், மாசா மாசம் வாங்குறவனுக்கு நன்றி மட்டும் வரும். இதைக் கேட்டா விசுவாசத் திட்டம்பாங்க.

இன்னும் கெட்டிக்காரக் கடைங்க பட்டியல்ல ஒரு பகுதிப் பேருக்கு வேணும்னே மெசேஜ் அனுப்ப மாட்டாங்க. மெசேஜ் கிடைச்சவங்களும் கிடைக்காதவங்களும் வாங்கினதை ஒப்பிட்டாத்தான் மெசேஜால விற்பனை கூடிச்சா, இல்ல தீபாவளியால தானா கூடிச்சான்னு தெரியும். நம்ம லேப் கண்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட்தான். அதுல எலி நாம.

எல்லா மெசேஜும் தொல்லைன்னு நான் சொல்லல. பேப்பர் பில் தொலைஞ்சு போய், மெசேஜ்ல இருந்த பில்லைக் காட்டி மிக்ஸிக்கு வாரண்டி வாங்கியிருக்கோம். தெருமுனைத் தையல்கடை அண்ணன் "ப்ளவுஸ் ரெடி"ன்னு அனுப்புறதுல யாருக்கு நஷ்டம்? பாவம், டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் ஒப்புதல்னு அலைய முடியாம அந்த மாதிரிச் சின்னக் கடைங்கதான் எஸ்எம்எஸ்ஸை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போயிட்டாங்க. பிரச்சினை, நாம கொடுக்காத அனுமதியைக் கொடுத்ததா எடுத்துக்கிறதுல இருக்கு.

இங்கதான் ரொம்பப் பேருக்குத் தெரியாத ஓட்டை. "நான் டிஎன்டி போட்டிருக்கேன், அப்புறமும் எப்படி வருது?"ன்னு கேட்பீங்க. டிஎன்டி விளம்பர மெசேஜைத் தடுக்கும், ஆனா நீங்க ஒரு கடைக்குத் தனியா சம்மதம் கொடுத்திருந்தா அந்தச் சம்மதம் டிஎன்டியைத் தாண்டும். மெம்பர்ஷிப் ஃபார்ம்ல கீழே பொடி எழுத்துல ஒரு வரி, பக்கத்துல ஒரு கட்டம். அந்தக் கட்டம்தான் சாவி. என் கதையில இன்னும் மோசம்: சாவியைக் கொடுத்தது நான், கதவு அப்பாவோடது.

சட்டம் என்ன சொல்லுது? பில் போட நம்பர் கட்டாயம்னு கடைக்காரர் வற்புறுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தல் கொடுத்தது. அதே வருசம் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைத் திரும்ப வாங்குறது கொடுத்த அளவுக்கே சுலபமா இருக்கணும்ங்குது. எனக்குப் பிடிச்ச பிரிவு இன்னொண்ணு: சம்மதம் கேட்கிற அறிவிப்பை ஆங்கிலத்துலயோ எட்டாவது அட்டவணை மொழியிலயோ படிக்கிற வாய்ப்பைக் கொடுக்கணும். அந்த அட்டவணையில தமிழ் இருக்கு. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்தது, கடைங்களைக் கட்டுப்படுத்துற முக்கியமான பகுதிகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சுத்தான் நடைமுறைக்கு வரும். அதுவரைக்கும் கவுண்டர்ல நாமதான் வாயைத் திறக்கணும்.

அமெரிக்காவுல இதுக்கு வேற மாதிரி வழி. அங்க 1991-லேயே வந்த ஒரு தொலைபேசிச் சட்டத்தின்படி, சம்மதம் இல்லாம வந்த ஒவ்வொரு விளம்பர மெசேஜுக்கும் 500 டாலர் கேட்டு வாங்கினவரே கோர்ட்டுக்குப் போகலாம். வேணும்னே செஞ்சதுன்னா 1,500 வரைக்கும் போகும். பாப்பா ஜான்ஸ் பீட்சா நிறுவனம் இப்படி ஒரு வழக்கை 2013-ல 1 கோடியே 65 லட்சம் டாலர் அளவுக்குச் சமரசம் பண்ணி முடிச்சது. நம்ம விதியில அபராதமும் இணைப்புத் துண்டிப்பும் உண்டு, ஆனா தொல்லைப்பட்டவர் கைக்கு அஞ்சு பைசா வராது. எனக்கு இதுல வருத்தம் உண்டு.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறவங்க, வீட்டுல ஒரு பத்து நிமிசம் ஒதுக்குங்க. அப்பா அம்மா போனை வாங்கி, ஸ்டார்ட்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, ஒரு இடைவெளி விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்புங்க. இல்லைன்னா அதே நம்பருக்குக் கால் பண்ணலாம், டிராயோட டிஎன்டி ஆப்பும் இருக்கு. எல்லாத்தையும் அடைக்க வேண்டாம்னா 0-க்குப் பதிலா வகைக்கு ஒரு எண் உண்டு. வங்கி மெசேஜும் ஓடிபியும் இதனால நிக்காது, பயப்பட வேண்டாம். அப்புறம் பழைய கடை மெசேஜ்களைத் திறந்து, நிறுத்துற வழி எதுல இருக்கோ அதையெல்லாம் நிறுத்துங்க. விளம்பர மெசேஜ்ல அந்த வழி இருக்கணும்ங்கிறது இப்ப விதி. நிறுத்தின பிறகு 90 நாளைக்கு மறுபடி சம்மதம் கேட்டு வரக் கூடாது. அதுக்கப்புறமும் வந்தா, வந்த ஏழு நாளுக்குள்ள 1909-ல புகார் பதியுங்க. பத்து இலக்க நம்பர்ல இருந்து வர்ற மோசடி மெசேஜ்னா சஞ்சார் சாத்தி தளத்துல சக்ஷு பகுதி. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே 1930.

முக்கியமா, ஹெடர்னா என்னன்னு ஒரு தடவை காட்டிக் கொடுங்க. "பேரு இருந்தா படி, வெறும் நம்பரா இருந்தா தொடாத, ரெண்டுலயும் லிங்க் வேண்டாம்"னு நான் அப்பாகிட்ட சொன்னேன். மூணாவது நாளே ஒரு மெசேஜைக் காட்டி, "இது நம்பர்ல வந்திருக்கு, தொடல"ன்னார்.

அன்னிக்கு அவர் போன்ல பதினொரு கடையை நிறுத்தினோம். அதுல ஏழு நம்பர் கொடுத்தது நானும் தங்கச்சியும். ஒரே ஒரு கடையை மட்டும் விடச் சொன்னார். விதைக்கடை. ஐப்பசி மழைக்கு முன்னாடி, உளுந்து விதை வந்திருக்குன்னு அவங்க அனுப்புவாங்க. தமிழ்லதான் வரும். எண்ணிப் பார்த்தேன், 91. ரெண்டு மெசேஜ் காசு கொடுத்து அனுப்புறாங்க.